மிரட்டல் மெசேஜ் வந்தால் போனை என்ன செய்வது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் சித்தி, மிரட்டல் வந்த கோபத்தில் எல்லா மெசேஜையும் அழித்துவிட்டு அப்புறம் போலீஸுக்குப் போனார். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

எதையும் அழிக்க வேண்டாம், ரீசெட்டும் வேண்டாம். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்பதால் போனையே பத்திரமாக வைத்திருப்பதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் என்றால், தெரிந்த பையனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள், சும்மா ஆன் செய்தாலே பல ஃபைல்களின் நேரக்குறிப்பு மாறிவிடும். தடயவியல் நிபுணர் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதபடி ரைட் பிளாக்கர் என்ற கருவியை மாட்டி, அப்படியே நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) கணக்கிடுவார். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் பொருந்தாது, அதனால்தான் நகலை வைத்தே தைரியமாக ஆராய முடிகிறது.

தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், 15-ஆவது பிரிவு: மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தைத் தள்ள முடியாது. சரி, ஆனால் அது எவ்வளவு நம்பகமாகச் சேமிக்கப்பட்டது என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே போன் யார் கைக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்டேஷனில் கேஸ் நம்பர் வாங்காமல் திரும்பாதீர்கள்.