2008-09 கோடைத் தேதிகள் மட்டும் ஒரு நாள் பின்னால் போன கதை

மொரிசியஸின் எபேன் சைபர்சிட்டி ஐடி வளாகத்தில் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை டீம் மாற்றுவார்கள். இரண்டாவது டீமில் கிடைத்த முதல் வேலை, பழைய பதிவுகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவது. பல நாள் தின்ற சிக்கல் இப்போதுதான் தீர்ந்தது.

சில பதிவுகளில் மட்டும் தேதி ஒரு நாள் முந்தியதாகவும், நேரம் இரவு 11 மணியாகவும் வந்தது. மற்றதெல்லாம் சரி. சர்வர் கடிகாரம், டேட்டாபேஸ் செட்டிங், இறக்குமதி ஸ்கிரிப்ட் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறையில்லை.

அப்புறம் தவறான வரிகளை மட்டும் தேதிவாரியாக அடுக்கினேன். 2008 அக்டோபர் 27 முதல் 2009 மார்ச் 29 வரை, அவ்வளவுதான். முதல் டீமில் இருந்த ஒரு அக்காவிடம் காட்டினேன். பார்த்ததுமே, "அந்தக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தோமே!" என்றார். தென்கோளத்தில் இருப்பதால் இங்கே அந்த மாதங்கள்தான் கோடை. மொரிசியஸ் 2008-09இல் ஒரு பருவம் கோடை நேரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. டீம் மாறினாலும் பழைய டீம் ஆட்களோடு பழக்கம் விடாமல் இருந்தது இங்கேதான் கைகொடுத்தது.

பழைய நிரல் ஒவ்வொரு தேதியையும் அன்றைய தொடக்க நள்ளிரவாக எடுத்து, அந்த மாதங்களில் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) +5 என்று கணக்கிட்டுச் சேமித்திருந்தது. புது நிரலோ எப்போதும் +4 கூட்டியது. ஜாவாவில் மாறாத மணி வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும் ஸோன்ஆஃப்செட்டை (ZoneOffset) எடுத்துவிட்டு, பழைய நேர மாற்றங்களையும் அறிந்த 'இந்தியன்/மொரிசியஸ்' (Indian/Mauritius) என்ற ஸோன்ஐடியை (ZoneId) போட்டதும் எல்லாம் நேரானது.

கவனிக்க வேண்டியது ஒன்று: மாற்றம் வந்தது அக்டோபர் 26 அதிகாலை 2 மணிக்கு. அதனால் 26ஆம் தேதி நள்ளிரவு சரியாகவே காட்டும். டெஸ்ட் எழுதும்போது 26, 27 இரண்டையும் சேருங்கள்.