எமர்ஜென்சி மெடிசின் மேட்ச்: நம்ம இடம் எங்கன்னு கணக்கு போடும்போது பண்ற தப்புகள்

ஜூலை வந்தா போதும், அமெரிக்க மெட் ஸ்கூல்ல நாலாவது வருஷத்துக்குள்ள நுழையற பசங்ககிட்ட இருந்து எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சுடும், "அண்ணா, ஸ்டெப் 2ல 241, ஈஎம் கிடைக்குமா?" ஸ்டெப்னா அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் தேர்வு, ஈஎம்னா எமர்ஜென்சி மெடிசின், மேட்ச்ங்கறது ஸ்டூடன்ட்டுங்களோட விருப்ப லிஸ்ட்டையும் ஆஸ்பத்திரிகளோட லிஸ்ட்டையும் பொருத்தி ரெசிடென்சி, அதாவது மேற்படிப்பு பயிற்சி இடம், குடுக்கற முறை. அந்த நம்பர மட்டும் வச்சு என்னால மட்டும் இல்ல, யாராலயும் சொல்ல முடியாது. எல்லாரும் முதல்ல பண்ற தப்பே இதுதான், தன்னோட மொத்த தகுதியையும் ஒரே ஒரு ஸ்கோருக்குள்ள அடைச்சுப் பாக்கறது.

ஏன் இப்படி ஆச்சுன்னும் புரியுது. 2022 ஜனவரியில ஸ்டெப் 1 வெறும் பாஸ் ஃபெயில் ஆனதுக்கப்புறம் கையில மிஞ்சின ஒரே நம்பர் ஸ்டெப் 2தான், அதனால பயம் எல்லாம் அது மேலயே போய் குவிஞ்சிடுச்சு. ஆனா ஈஎம் ப்ரோகிராம்கள் ஆள் எடுக்கற விதம் வேற, அங்க ஸ்கோர் உள்ள நுழையறதுக்கு உதவும், உள்ள போனதுக்கப்புறம் பெருசா பேசறது ஸ்லோதான், அதாவது எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்ல ஸ்டூடன்ட்டா சில வாரம் வேலை செய்யற ரொட்டேஷன் முடிஞ்சதும் அங்க இருக்கறவங்க எழுதற மதிப்பீட்டு லெட்டர். ஸ்டெப்ல ஒரு ஃபெயில் இருந்தா கதை மாறும், அது நிஜமாவே பல கதவ சாத்தும், அதுக்கு முன்கூட்டியே திட்டம் வேணும். பாஸ் பண்ணவங்களுக்கு நடுவுல ரெண்டு மூணு பாயின்ட் வித்தியாசத்துக்காக தூக்கம் கெட வேண்டாம்.

ஸ்லோன்னா என்னன்னு தெரியாமலே ரொட்டேஷனுக்குப் போறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் அது. மத்த ஸ்பெஷாலிட்டியில கேக்கற சாதாரண சிபாரிசு லெட்டர் மாதிரி இல்ல இது. எல்லா ஊர்லயும் ஒரே ஃபார்ம், ஒரே கேள்விகள்: இந்த ஸ்டூடன்ட் எப்படி உழைக்கறாரு, டிஃபரென்ஷியல் (என்னென்ன நோயா இருக்கலாம்ங்கற லிஸ்ட்) போட்டு ஒரு ப்ளான் சொல்ல முடியுதா, டீமோட எப்படி இருக்காரு, ரெசிடென்சிக்கு வந்தா எவ்வளவு கைபிடிச்சு நடத்த வேண்டியிருக்கும். கடைசியில ஒரு நேரடிக் கேள்வி, எங்க ரேங்க் லிஸ்ட்ல இவர எங்க வைப்போம், மேல 10 சதவீதமா, மேல் மூணுல ஒண்ணா, நடுவா, கீழயா. பொதுவா ஸ்டூடன்ட்டுங்க அந்த லெட்டர பாக்கற உரிமைய விட்டுக் குடுத்துதான் வாங்கறாங்க. அதாவது உன்னப் பத்தின ரொம்ப முக்கியமான தாள நீ படிக்காமலே அப்ளை பண்ற. அப்புறம் எப்படி உன் இடத்த நீயே கணக்கு போடுவ?

இங்கதான் அடுத்த தப்பு. ஷிஃப்ட் முடிஞ்சதும் அட்டெண்டிங்கிட்ட (பொறுப்புல இருக்கற சீனியர் டாக்டர்) போய் "எப்படி பண்ணேன்?"னு கேட்டா "நல்லா பண்ற, இப்படியே போ"ன்னு சொல்லிட்டு அவர் நோட் எழுதப் போயிடுவார், நாமளும் அதக் கேட்டு குளுந்துபோய் வீட்டுக்கு வந்துடுவோம். அது ஃபீட்பேக் இல்ல, மரியாதை. என்னோட அவே ரொட்டேஷன் (வெளி ஆஸ்பத்திரியில பண்றது) ரெண்டாவது வாரத்துல வயித்துவலியோட ஒரு வயசான அம்மா வந்தாங்க, நான் ஹிஸ்டரி எடுத்து சுத்தமா ப்ரெசென்ட் பண்ணேன், சிடி ஆர்டர் போட்டாச்சு, உடனே அடுத்த பேஷன்ட்ட பாக்க ஓடிட்டேன், வேகம்தான் பெருசுன்னு நினைச்சு. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு அட்டெண்டிங் கேட்டார், "மருந்து குடுத்தோமே, அவங்களுக்கு வலி குறைஞ்சுதா?" நான் திரும்பிப் போய் பாக்கவே இல்ல. அவர் திட்டல, தானே எழுந்து போய் அந்த அம்மா கையப் பிடிச்சுக் கேட்டுட்டு வந்தார். அதுவரைக்கும் எல்லாரும் "நல்லா பண்ற"ன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு இருந்து கேள்விய மாத்திட்டேன். "இன்னைக்கு ஷிஃப்ட்ல ஒரு நல்ல இன்டர்ன் செஞ்சிருப்பார், நான் செய்யலன்னு உங்களுக்குத் தோணினது எது?" இதுக்கு பதில் சொல்லாம யாரும் தப்பிக்க முடியாது. அடுத்த ஷிஃப்ட்ல அத சரி பண்ணிக் காட்டணும், காட்டினா அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரொட்டேஷன் பாதியில, ஸ்டூடன்ட்டுங்கள கவனிச்சுக்கற க்ளர்க்ஷிப் டைரக்டர்கிட்ட உக்காந்து, உங்ககிட்ட வழக்கமா வர ஸ்டூடன்ட்டுங்களோட வச்சுப் பாத்தா நான் எங்க இருக்கேன்னு நேரா கேளு. லெட்டர்ல என்ன எழுதுவேன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா முகமும் வார்த்தையும் நிறைய சொல்லும்.

ஸ்லோல நடு மூணுல ஒண்ணு வந்திருக்கும்னு சந்தேகம் வந்தாலே எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் மேலயே இருக்க முடியாது, பேரே சொல்லுது, நடுவுல இருந்து மேட்ச் ஆகறவங்க ஏராளம். கீழ எழுதற கமென்ட்ல "இவரோட வேலை செய்ய ஆசைப்படுவேன்"ங்கற தொனி இருக்கா இல்ல தயக்கம் தெரியுதாங்கறதும் சேத்துதான் படிப்பாங்க.

இன்னொரு பெரிய தப்பு, பழைய வருஷத்து செய்திய வச்சு இந்த வருஷத்த அளக்கறது. 2022ல ஈஎம்ல 219 இடம் நிரம்பல, 2023ல 554 இடம் காலி, அப்போ எல்லார் வாயிலயும் "ஈஎம்மா, யார் வேணா போகலாம்"ங்கற பேச்சு. 2030க்குள்ள ஈஎம் டாக்டர்கள் தேவைக்கு மேல ஆயிடுவாங்கன்னு 2021ல வந்த கணிப்பும், கோவிட் காலத்து களைப்பும் சேந்து அப்ளை பண்றவங்கள விலக்கி வச்சிருந்த நேரம் அது. அடுத்த வருஷமே காலி இடம் 135, 2025ல 65தான். 3,000க்கும் மேல இடம் இருக்கற ஸ்பெஷாலிட்டியில 65ங்கறது ஒண்ணுமே இல்ல. 2023 கதைய நம்பி ஒரே ஒரு ரொட்டேஷன், அரைமனசா ஒரு பெர்சனல் ஸ்டேட்மென்ட், மிச்சத்த சோப்ல பாத்துக்கலாம்னு இருந்தா மாட்டிப்பீங்க. மேட்ச் வாரத்து திங்கக்கிழமை இடம் இல்லன்னு தெரிஞ்சவங்க நிரம்பாத இடத்துக்காக சில நாளுக்குள்ள ஓடற ஓட்டம்தான் சோப், அதுக்குன்னு யாரும் திட்டம் போடக் கூடாது.

டேட்டா பாக்கறீங்கன்னா உங்களோட வரிசைய பாருங்க. மேட்ச் அமைப்பே எம்டி சீனியர், டிஓ சீனியர் (எம்டி, டிஓ ரெண்டும் அமெரிக்காவுல டாக்டர் ஆக்கற டிகிரி, சீனியர்னா கடைசி வருஷம்), வெளிநாட்டுல படிச்சவங்கன்னு தனித்தனியாதான் கணக்கு வெளியிடுது. எம்டி ஃப்ரெண்டோட நிம்மதி வெளிநாட்டுல படிச்ச ஒருத்தருக்குப் பொருந்தாது, அவங்களுக்கு விசா ஸ்பான்சர் பண்ற ப்ரோகிராம் எதுங்கறதும் ஸ்லோ குடுக்கற ரொட்டேஷன் கிடைக்குமாங்கறதும்தான் முதல் கேள்வி, ஸ்கோர் அதுக்கப்புறம். படிச்சு முடிச்சுட்டா பல இடத்துல ஸ்டூடன்ட் ரொட்டேஷனுக்கே சேத்துக்க மாட்டாங்க, அதனால கடைசி வருஷம் கைவிட்டுப் போறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும். டிஓ பசங்க ஸ்டெப் எழுதாம அவங்களோட லைசென்ஸ் தேர்வான காம்லெக்ஸ் மட்டும் எழுதியிருந்தா, அத ஏத்துக்கற ப்ரோகிராம் எதுன்னு ஒவ்வொண்ணா பாக்கறது போரடிக்கற வேலைதான், ஆனா பண்ணியாகணும். இன்னொண்ணு, அந்த டேட்டாவுல போட்டிருக்கற ஸ்கோர் மேட்ச் ஆனவங்களோட சராசரி, நுழைவுக் கோடு இல்ல. அதுக்குக் கீழ இருந்தும் பாதிப் பேர் கிட்ட உள்ள போயிருக்காங்க.

பயத்துல 80 இடத்துக்கு அப்ளை பண்றதும் தன் இடம் தெரியாததோட அறிகுறிதான். பெரிய சிக்கல் இல்லாத எம்டி சீனியருக்கு 10-12 ப்ரோகிராம ரேங்க் பண்ற அளவுக்கு இன்டர்வியூ இருந்தா பொதுவா போதும், கப்புள்ஸ் மேட்ச்னா (ஜோடியா சேந்து மேட்ச்ல போறது), இல்ல ரெக்கார்டுல ஃபெயில், லீவ், ப்ரொஃபெஷனலிசம் புகார்னு ஏதாவது இருந்தா கூடுதலா வேணும். அப்படி ஏதாவது இருந்தா அத அட்வைசர்கிட்ட மறைக்காதீங்க, காலேஜ் அனுப்பற டீன் லெட்டர்ல எப்படியும் வந்துடும். மொத்த ஃபைலயும் படிச்சுட்டு முகத்துக்கு நேரா உண்மை சொல்ற, ஈஎம் ரெசிடென்சி நடத்தற இடத்துல வேலை பாக்கற ஒருத்தர் வேணும். அன்பா பேசற சர்ஜரி ப்ரொஃபசருக்கு ஸ்லோ எப்படிப் படிக்கறதுன்னு தெரியாது.

கடைசியா பிப்ரவரியில ரேங்க் லிஸ்ட் போடும்போது ஒரு தப்பு நடக்குது, அதுவரைக்கும் எல்லாத்தையும் சரியா பண்ணவங்களே பண்றாங்க. "அந்த இடம் நமக்குக் கிடைக்காது, எதுக்கு முதல்ல போடணும்"னு ஆசைப்பட்டத கீழ இறக்கி, கிடைக்கும்னு தோணறத மேல வைக்கறது. மேட்ச் அல்காரிதம் நம்ம விருப்பத்துல இருந்துதான் ஆரம்பிக்கும், முதல் இடம் கிடைக்கலன்னா ரெண்டாவதுல நம்ம வாய்ப்பு ஒரு துளி கூட குறையாது. எனக்கு கிடைக்கவே கிடைக்காதுன்னு நினைச்ச ப்ரோகிராம முதல்ல போட்டுட்டு, சமர்ப்பிக்கறதுக்கு முந்தின ராத்திரி ரெண்டு தடவ இறக்கி ரெண்டு தடவ ஏத்தினேன். இப்போ அங்கதான் வேலை பாக்கறேன்.