டிஎன்பிஎஸ்சி தேர்வில் கூட்டுவட்டிக் கணக்குகள்

குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை. அப்பகுதியின் பாடத்திட்டத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் உள்ளன. கால்குலேட்டருக்கு அனுமதி இல்லாததால், சூத்திரத்தில் எண்களைப் போட்டு அடுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருப்பதைவிட, ஆண்டுதோறும் தொகை எத்தனை மடங்காகிறது என்று பார்ப்பதே விரைவான வழி. வட்டி 10% என்றால் 11/10 மடங்கு, 20% என்றால் 6/5 மடங்கு, 12½% என்றால் 9/8 மடங்கு. அசல் ரூ.6,400, வட்டி வீதம் 12½% எனில், இரண்டு ஆண்டுகளில் அது 81/64 மடங்காகி ரூ.8,100 ஆகிவிடும். கேட்கப்பட்டது வட்டியா, மொத்தத் தொகையா என்பதை இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும், வட்டி ரூ.1,700 மட்டுமே, ஆனால் 8,100 என்பதும் விடைகளுள் ஒன்றாகக் காத்திருக்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கான தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்து அசலைக் கேட்பது தேர்வாளர்களுக்கு நன்கு பழகிய வினா. முதல் ஆண்டில் இரண்டு வட்டியும் சமம். இரண்டாம் ஆண்டில் முதலாண்டு வட்டிக்கும் வட்டி சேர்வதுதான் வித்தியாசம் முழுவதும். இது புரிந்தால் தனிச் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீதம் 6%, வித்தியாசம் ரூ.45 எனில், முதலாண்டு வட்டியின் 6% தான் 45. ஆகவே அந்த வட்டி ரூ.750, அது அசலின் 6% என்பதால் அசல் ரூ.12,500. மூன்று ஆண்டுகளுக்குக் கேட்டால் இந்தக் குறுக்குவழி அப்படியே பொருந்தாது. ஆண்டுவாரியாக எழுதிப் பார்ப்பதே நல்லது.

ஒரு தொகை 2 ஆண்டுகளில் ரூ.7,260 ஆகவும் 3 ஆண்டுகளில் ரூ.7,986 ஆகவும் மாறினால், இடையில் கூடிய ரூ.726 என்பது 7,260க்கு ஓராண்டு வட்டி; எனவே வீதம் 10%, அசல் ரூ.6,000.

அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படும் என்றிருந்தால் வீதத்தைப் பாதியாக்கி, காலத்தை அரையாண்டுகளாக எண்ண வேண்டும். ரூ.10,000க்கு ஆண்டுக்கு 20% வீதம் ஒன்றரை ஆண்டு என்பது 10% வீதம் மூன்று தவணை; தொகை ரூ.13,310.

கூட்டுவட்டியில் 5 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் தொகை 8 மடங்காக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற வினாவுக்கு வட்டி வீதமே தேவையில்லை. 8 என்பது மூன்று முறை இரட்டித்தல், ஆகவே 15 ஆண்டுகள். தனிவட்டி என்றிருந்தால் விடை 35 என்பதால், வினாவில் எந்த வட்டி என்ற சொல்லைப் படிக்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.