இடி விழுந்து மாற்றிய ரவுட்டர்: வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்வது எப்படி?

ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டில் கோடை மழைக்கு ஒரு ரவுட்டராவது பலியாகும். இந்த ஆண்டும் சித்திரையில் ஒரு மாலை இடி இறங்கியது, பெட்டி கருகியது. மறுநாள் கேபிள்காரர் கைவசம் இருந்த பழைய பெட்டி ஒன்றை மாட்டி, விளக்கு பச்சையாக எரிவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மாமா வங்கித் தளத்தைத் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை வந்தது. அக்கா குழம்புக்குக் குறிப்பு தேடினால் சூதாட்ட விளம்பரம். கணினியில் வைரஸ் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். ஆனால் கணினி, இரண்டு கைபேசிகள், தொலைக்காட்சி என்று எல்லாமே ஒரே நாளில் கெடுமா? கைபேசியை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் கோளாறு மறைந்தது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

எதையும் தொடுமுன்

மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். கம்பெனிகள் தரும் கைபேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. நமக்கு வேண்டிய பக்கங்களில் பாதியை அவை காட்டுவதே இல்லை. உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் நுழைவுப் பக்கம் வரும். பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். எங்கள் பெட்டியில் இரண்டுமே 'அட்மின்'.

உள்ளே போனதும் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். சேவை நிறுவனத்தின் இணைப்பில் ரவுட்டர் நுழைவதற்கான பிபிபிஓஇ (PPPoE) பயனர் பெயர் அங்கேதான் இருக்கும். அதற்கான கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் கேபிள்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் ரீசெட் பொத்தானை அழுத்தினால், அவர் தொலைபேசியை எடுக்கும் வரை இணையம் கிடையாது.

டிஎன்எஸ் முகவரி

தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ். அதை மாற்றிவிட்டால், சரியான பெயரைத் தட்டினாலும் தவறான வாசலில் போய் நிற்போம். அக்கா வீட்டில் நான் கேள்விப்பட்டே இராத இரண்டு எண்கள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு எல்லோரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ் முகவரிகளான 1.1.1.1, 9.9.9.9 இரண்டையும் இட்டேன். வேன் பக்கத்தில் மட்டுமல்ல, வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி (DHCP) பக்கத்திலும் இதே இடம் உண்டு. அங்கேயும் மாற்றுங்கள். பிறகு கருவிகளின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றினேன், வங்கித் தளம் ஒழுங்காகத் திறந்தது, காபி குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். நாலாம் நாள் அக்காவிடமிருந்து அழைப்பு. அதே விளம்பரம்.

நான் கோட்டைவிட்ட இடம்

மலிவான பெட்டிகள் பலவற்றில் 'அட்மின்' கணக்கைத் தவிர இன்னொரு கணக்கும் இருக்கும். பழுது பார்ப்பவர்களின் வசதிக்காக வைத்தது. 'சப்போர்ட்', 'யூசர்' போன்ற பெயர்களில், பெயரையே கடவுச்சொல்லாகவும் கொண்டிருக்கும். நான் முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டேன், கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

அதோடு ரிமோட் மேனேஜ்மென்ட்டும், அதாவது ரவுட்டரின் நுழைவுப் பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும் வசதியும், இயக்கத்தில் இருந்தது. சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக மாமா வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி வாங்கியிருந்தார். ஆக, உலகத்தில் எவரும் அந்த நுழைவுப் பக்கத்தைத் திறக்கலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து மாமாவைக் குறிவைத்தார் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் பரவிய மிராய் என்ற தீய நிரல், தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் டெல்நெட் வாசல் திறந்திருக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தானாகவே தேடி, 60-க்குச் சற்று அதிகமான பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. அந்தச் சிறு பட்டியலே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடிக்கப் போதுமானதாக இருந்தது.

எனவே ரிமோட் மேனேஜ்மென்ட், டெல்நெட் இரண்டையும் அணையுங்கள். கணக்குகள் பக்கத்தில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். நீக்க விடாவிட்டால் கடவுச்சொல்லையாவது மாற்றுங்கள்.

அணைத்தோமா என்று சோதிப்பதில் அரை நாள் போனது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கும் பொது முகவரியை மடிக்கணினியில் தட்டினேன். நுழைவுப் பக்கம் வந்தது! மறுபடி அணைத்தேன், ரீசெட் செய்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது. பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தவறு பெட்டியில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வீட்டின் பொது முகவரியைக் கேட்டால், கோரிக்கை வெளியே போவதே இல்லை. ரவுட்டர் வரை போய், கொண்டை ஊசி வளைவில் திரும்பிய பஸ் போல உள்ளேயே வந்துவிடுகிறது. வெளியே கதவு மூடியிருந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் திறந்ததுபோலவே தெரியும்.

சரியான சோதனை இதுதான்: கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியைத் தட்டுங்கள். பிறகு அதன் பின்னால் முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்த்து (:8080) இன்னொரு முறை; சில பெட்டிகளில் நுழைவுப் பக்கம் அந்த எண்ணில் இருக்கும். எதுவும் திறக்கக் கூடாது. உங்கள் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், அது பலருக்குப் பொதுவான முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து நேரடியாக எட்டாது.

மீதி வேலைகள்

கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ வைஃபையில் இணைய வைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை (WPS) அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது. யூபிஎன்பியையும் அணையுங்கள்; வீட்டிலுள்ள எந்தக் கருவி கேட்டாலும் வெளிக்கதவைத் திறந்துவிடும் வசதி அது. விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை கொடுங்கள். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். எங்கள் மாடலுக்குக் கம்பெனி புதுப்பிப்பை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டதால், கடைசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் ஒரு ரவுட்டரை வாங்கிக் கொடுத்தேன். புதிதாக வாங்குபவர்களுக்கும் என் யோசனை அதுதான்: ஆன்டெனாக்களை எண்ண வேண்டாம், அந்த மென்பொருளை ஏற்கும் ரவுட்டர்களின் பட்டியலில் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: ஃபைபர் பெட்டியில் கணக்குகள் பக்கமே தெரியவில்லை என்று ஆத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சேவை நிறுவனம் தனக்கென்று ஒரு கணக்கைப் பூட்டி வைத்திருக்கும். பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றித் தரச் சொல்லி, பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வையுங்கள். பிபிபிஓஇ விவரம் அப்போதும் வேண்டும்.

பிற்சேர்க்கை 2: யூபிஎன்பியை அணைத்ததும் சிசிடிவி கைபேசியில் தெரியவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாமாவும் கேட்டார். டிவிஆருக்காக (கேமராப் பதிவுப் பெட்டி) ரவுட்டரில் போர்ட், அதாவது வெளிக்கதவு, திறக்காதீர்கள். வெளியிலிருந்து வீட்டு இணைப்புக்குப் பாதுகாப்பான தனிவழி போடும் வயர்கார்டு விபிஎன்னை ரவுட்டரில் அமைத்து, அதன் வழியாகப் பாருங்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிற்சேர்க்கை 3: ஐப்பசி மழையில் புது ரவுட்டரும் போய்விட்டது. செட்டிங்ஸை நான் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தேன். மாற்றாக வந்த வேறு மாடல் அதை ஏற்கவில்லை. இப்போது அக்கா வீட்டில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம். இந்த முறை கேபிள்காரர் கிளம்பியபோது, அக்கா அந்த நோட்டை எடுத்து நீட்டி, "இதில் இருப்பதையும் முடித்துவிட்டுப் போங்கள், தம்பி" என்றாளாம்.