பழைய ரீபா ஃபோர்க்கை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்கும் முறை

டர்பனில் கடற்காற்றுக்கு அருகில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நான் பழையதாக வாங்கிய 26 அங்குலச் சக்கர மவுண்டன் பைக்கில் 2011ஆம் ஆண்டின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ரீபா ஃபோர்க் இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை உள்வாங்கும் கவைதான் ஃபோர்க். பாறையில் இறங்கும்போது அது பாதி அழுந்தி நின்றுவிடும். திரும்பி எழும்போது கரகரக்கும். இதற்குச் செலவு செய்வது வீண், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தபோது இடது காலில் ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூட இல்லை. உள்ளே இருந்த நுரை வளையம் பழம்புளியைப் போலக் கறுத்து இறுகிக் கிடந்தது. பாகம் எதுவும் உடைந்திருக்கவில்லை. அதே ஃபோர்க்கை மூன்றாவது முறையாகப் பிரித்து மாட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஸ்டான்ஷன் எனப்படும் மேல்குழாய்களின் பூச்சு. பின்பக்கத்தில் பூச்சு தேய்ந்து வெள்ளி நிற உலோகம் பட்டையாகத் தெரிந்தால், எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையமான சீலைப் புதிதாகப் போட்டாலும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. இரண்டாவது, மேல்குழாய்கள் உள்ளே சறுக்கும் வளையங்களான புஷ்களின் தேய்மானம். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மற்றொரு கையின் விரல்களைச் சீலும் குழாயும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். அங்கே தெளிவான ஆட்டம் தெரிந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது.

சீல் வாங்கும்போது ஃபோர்க்கின் பெயரை மட்டும் சொல்லாமல், வெர்னியர் காலிப்பரால் மேல்குழாயின் விட்டத்தை அளந்து, மாடல் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரீபாவுக்கு 32 மில்லிமீட்டர். சில ஆண்டு மாடல்களில் தூசிச் சீலுக்குக் கீழே தனி எண்ணெய்ச் சீல் இருக்கும், வேறு சிலவற்றில் நுரை வளையம் இருக்கும். எனவே உங்களுடையதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. அடிப்பக்க நட்டுகளுக்கான நசுங்கும் வாஷர்களையும் மறக்காமல் வாங்குங்கள். கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதவை ஷாக் பம்பு (ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு), பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், இறுக்கத்தை அளக்கும் சிறிய டார்க் ரென்ச் ஆகிய மூன்றுதான். சீல் அடிப்பதற்கென்று விற்கப்படும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சீலின் வெளி விளிம்பில் சரியாக உட்காரும் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போதும்.

சைக்கிளிலிருந்து ஃபோர்க்கைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் நேராகக் காற்றுக்கு வருகிறேன். என்னுடையது டூயல் ஏர் வகை: ஃபோர்க்கை மேலே தள்ளும் நேர் அறை, அதற்கு எதிராகக் கீழே இழுக்கும் எதிர் அறை என்று இரண்டு காற்றறைகள். மேல் வால்வு நேர் அறைக்கும், இடது காலின் அடியில் மூடிக்குள் ஒளிந்திருக்கும் வால்வு எதிர் அறைக்கும் உரியவை. காற்றை வெளியேற்றும்போது முதலில் அடி வால்வு, பிறகு மேல் வால்வு. இந்த வரிசையை மாற்றினால் எதிர் அறையின் அழுத்தம் ஃபோர்க்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, நான் சறுக்கிய இடம். மேல்குழாய்கள் நுழைந்து நிற்கும் கீழ்க்கால்களை அவற்றோடு பிணைத்திருப்பவை அடியிலுள்ள இரண்டு முனைகள். வலப்பக்கம் ரீபவுண்ட் (ஃபோர்க் திரும்பி எழும் வேகம்) திருகுமுனையைக் கையால் இழுத்தெடுத்தால் உள்ளே 5 மில்லிமீட்டர் ஆலன் கீ பொருந்தும் போல்ட் இருக்கும். இடப்பக்கம் காற்றுத் தண்டின் முனையில் 10 மில்லிமீட்டர் நட் இருக்கும். தண்டுகள் கீழ்க்காலுக்குள் இறுக்கமாகச் செருகியிருப்பதால், நட்டைக் கழற்றியதும் எல்லாம் தானே பிரிந்துவிடாது. தண்டை உள்நோக்கித் தட்டிவிட வேண்டும். முதல் முறை நான் நட்டை முழுவதுமாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தண்டின் முனையில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். தண்டு உள்ளே போயிற்று, ஆனால் முதல் மரை நசுங்கிவிட்டது. மறுபடி மாட்டும்போது நட் பிடிக்கவேயில்லை. அன்று மாலை பார்த்து மின்வெட்டும் வந்துவிட, அண்ணன் மகன் டார்ச் பிடிக்க, ஊசி அரத்தால் அந்த ஒரு மரையைத் தேய்த்துச் சீராக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தண்டின் நடுவிலேயே வால்வும் இருப்பதால், அது நசுங்காமல் தப்பியதே பெரிது.

சரியான முறை இதுதான். நட்டையும் போல்ட்டையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். இடப்பக்கத்தில் நட்டின் விளிம்பு தண்டின் முனையோடு சமமாக நிற்கட்டும். நட்டின் மேல் 10 மில்லிமீட்டர் சாக்கெட்டை வைத்து, அதன் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரே சீரான அடி கொடுங்கள். வலப்பக்கம் ஆலன் கீயைப் போல்ட்டில் செருகி அதன் மேல் தட்டினால் போதும். 'டக்' என்று ஓசை மாறி, தளர்ந்த அளவுக்கு நட் உள்ளே போகும்போது தண்டு விடுபட்டது என்று பொருள். அதன் பிறகுதான் முழுவதும் கழற்ற வேண்டும். அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கீழ்க்கால்களை இழுத்தால் கழன்றுவிடும்.

பழைய சீலை எடுக்கத் திருப்புளியைப் பயன்படுத்தாதீர்கள். கீழ்க்கால்கள் மெக்னீசியத்தால் ஆனவை, விளிம்பில் கீறல் எளிதில் விழும். டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலை விளிம்பில் துணி வைத்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியைக் குச்சியில் சுற்றி, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடையுங்கள். டர்பனுக்கு அருகே நான் ஓட்டும் கீபா பள்ளத்தாக்கின் செம்மண் என் துணியில் ஆறு முறை வந்தது. நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து முதலில் பொருத்தி, அதன்மேல் புதிய சீலைக் குழாய்த் துண்டால் நேராக அடித்து இறக்குங்கள். சீலின் உதடுகளுக்குச் சஸ்பென்ஷனுக்கு உரிய கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். சக்கர அச்சுக்குப் போடும் கெட்டியான கிரீஸ் இங்கே உதவாது.

இனி எண்ணெய். என் ஃபோர்க்குக்கு ஒவ்வொரு கீழ்க்காலிலும் 15 வெயிட் கெட்டித்தன்மையுள்ள எண்ணெய் 15 மில்லிலிட்டர். உங்கள் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய அளவை ராக்‌ஷாக்ஸின் எண்ணெய் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்க்கால்களை மேல்குழாய்களில் ஏற்றும்போது சீலின் உதடு உள்ளே மடங்காதபடி ஒவ்வொரு பக்கமாக விரலால் சுற்றி விட்டு ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஆவலில் முழுவதும் தள்ளிவிடாதீர்கள். முழுவதும் தள்ளினால் தண்டின் முனை அடித்துளையை அடைத்துக்கொள்ளும், எண்ணெய் உள்ளே இறங்காது. பாதி வழியில் நிறுத்தி, அடிப்பக்கம் மேலே இருக்குமாறு ஃபோர்க்கைச் சாய்த்து, மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் அந்தத் துளைகள் வழியே எண்ணெயைச் செலுத்துங்கள். பிறகு தண்டுகளின் மரை துளையில் தெரியும்வரை தள்ளி, புதிய வாஷரோடு சுமார் 7 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். சிறிய மரைகள் இவை. கைப்பலத்தை இங்கே காட்டக் கூடாது.

அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரின் எண்ணெயை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. ரீபவுண்ட் திருகுமுனையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஃபோர்க் ஒரே வேகத்தில் துள்ளி எழுந்தால் மட்டும் மேல்மூடியைத் திறங்கள். மூடியின் அறுகோணத் தலை மிகத் தாழ்வானது. சாதாரண 24 மில்லிமீட்டர் சாக்கெட்டின் உள்வாய் சரிவாக இருப்பதால் வழுக்கி, மூலைகளைச் சிராய்த்துவிடும். ஒரு மலிவான சாக்கெட்டின் வாயை அரைத்துத் தட்டையாக்கி இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

காற்று நிரப்பும்போது மேல் வால்வு முதலில், அடி வால்வு பிறகு. தொடக்கத்தில் இரண்டிலும் ஒரே அழுத்தம் போதும். 100 மில்லிமீட்டர் அசைவுள்ள ஃபோர்க்கில், ஏறி அமர்ந்ததும் 20 முதல் 25 மில்லிமீட்டர் தாழ வேண்டும்.

பின்சேர்க்கை 1: வலப்பக்கப் போல்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றுவதே காரணம். ஒருவர் கீழ்க்கால்களை வெளிநோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஆலன் கீயைத் திருப்பினால் உராய்வு கூடித் தண்டு நின்றுவிடும்.

பின்சேர்க்கை 2: டர்பனில் பூட்டிய ஃபோர்க் ஜோஹன்னஸ்பர்க் போனதும் அசைவின் கடைசிப் பகுதியில் கல்லாகிவிட்டது என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று, அங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் மிகுந்ததாகிவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையின் முனையைத் தேய்த்து மழுக்கி, கிரீஸ் தடவி, சீலுக்கும் குழாய்க்கும் இடையே மெதுவாகச் செருகினால் 'புஸ்' என்று காற்று வெளியேறும். உலோகத்தால் ஆன எதையும் அந்த இடுக்கில் செருகாதீர்கள்.