ட்ரெமோலோ பிரிட்ஜ் அமைப்பது எப்படி: கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில்

கும்பகோணத்தில் என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "பாரைத் தொட்டா சுருதி போயிடுது சார், அதனால கழட்டி வெச்சிட்டேன்." கேட்கும்போதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். நாகஸ்வரத்தில் ஒரு ஸ்வரம் வழுக்கிக்கொண்டே அடுத்ததற்குப் போவதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கிட்டாரில் அந்தக் குழைவைத் தருவது பார் என்கிற அந்தச் சின்னக் கைப்பிடிதான். கம்பிகள் உடலில் வந்து சேரும் பிரிட்ஜை அசைத்து அது சுருதியை மாற்றுகிறது. அதை மேசை டிராயரில் போட்டு வைக்கக் கூடாது. பெரும்பாலும் கிட்டாரில் கோளாறே இருக்காது, அமைப்புதான் சரியாக இருக்காது. ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் நீங்களே சரிசெய்துவிடலாம்.

நான் சொல்வது ஸ்ட்ராட் வகை கிட்டாருக்கு. 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரோடு வந்த அமைப்பு இது. இன்று கடையில் கிடைக்கும் விலை குறைந்த கிட்டார்களிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் வெட்டுள்ள கட்டை) பூட்டு போட்ட ஃப்ளாய்ட் ரோஸ் வகைக்குச் சில வேலைகள் மாறும், அதை இங்கே தொடவில்லை. இன்னொன்று: ட்ரெமோலோ என்றால் உண்மையில் ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி அசைந்தால் அதற்கு வைப்ராடோ என்று பெயர். ஃபெண்டர் பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது

கிட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூன்று ஸ்பிரிங் தெரியும் (சிலதில் நான்கோ ஐந்தோ இருக்கும்). அவற்றின் ஒரு முனை பிரிட்ஜின் அடிக்கட்டையில் மாட்டியிருக்கும். மறுமுனை, இரண்டு நீள ஸ்குரூவால் மரத்தோடு பிணைத்த ஒரு தகட்டில் கோத்திருக்கும். அந்தத் தகட்டை கிளா என்பார்கள். முன்பக்கம் ஆறு கம்பிகள் பிரிட்ஜைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. பின்பக்கம் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது.

இந்த இழுவை லேசானது இல்லை. 09-42 கம்பி செட்டை (மெல்லிய முதல் கம்பி, தடித்த ஆறாவது கம்பி இவற்றின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக) சாதாரண ட்யூனிங்கில் வைத்தால் மொத்தம் சுமார் 38 கிலோ வரும். 10-46 செட் என்றால் சுமார் 47 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு 25 கிலோ அரிசி மூட்டை. கம்பியின் பருமனை மாற்றினால் இந்தச் சமநிலை குலைவது அதனால்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரிக்கு முந்தின இரவு 09 செட்டைக் கழற்றி 10 போட்டு, ட்யூன் மட்டும் செய்துவிட்டுப் போனேன். பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது பாட்டிலேயே ஒரு கம்பி அறுந்தது. இழுவை குறைந்ததும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னால் இழுத்துவிட்டன, மீதி ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிட்டன. அந்தப் பாட்டை கீபோர்டுக்காரர்தான் முடித்துக் கொடுத்தார்.

தேவையானவை

புதுக் கம்பி செட், ட்யூனர், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், சாடிலுக்கும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னக் கட்டை) ட்ரஸ் ராடுக்கும் (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) பொருந்தும் ஆலன் கீகள், மில்லிமீட்டர் போட்ட ஸ்டீல் ஸ்கேல், 3 மி.மீ. டிரில் பிட் ஒன்று (துளை போட இல்லை, அளக்க), பென்சில், ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். தூசியை இழுத்துப் பிடிக்கும், மார்கழிக் காலையில் உறைந்தும் போகும்.

முதலில் கம்பியும் கழுத்தும்

எந்தப் பருமனில் வாசிக்கப் போகிறீர்களோ அதை முதலில் மாட்டுங்கள். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ட்யூனர் தண்டில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கம்பியையும் விரலால் மெல்ல மேலே இழுத்து விட்டு ட்யூன் செய்யுங்கள். சுருதி இறங்காமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோக மெட்டு) கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடியுங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்புங்கள். ஒரே தடவையில் அதற்கு மேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். மரம் அந்த ஈரத்தை வாங்குவதால் இந்த வளைவும் மாறும். அடைமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பிரிட்ஜ் அசையும் இடம்

பிரிட்ஜின் முன்விளிம்பில் ஆறு ஸ்குரூ இருந்தால், நடுவில் உள்ள நான்கையும் தகட்டில் உரசாத அளவுக்குக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஓரத்தில் உள்ள இரண்டே பிடித்துக்கொள்ளும். இரண்டே கம்பம் உள்ள வகை என்றால், கம்பிகளைத் தளர்த்திய பிறகே கம்பத்தைத் திருப்புங்கள். இழுவையோடு திருப்பினால் பிரிட்ஜின் கத்திமுனை போன்ற விளிம்பு மழுங்கும், அப்புறம் சுருதி திரும்பி வரவே வராது. உரசும் இடத்தில் அந்த ஒரு சொட்டு எண்ணெய்.

சமநிலை

இங்கேதான் பொறுமை வேண்டும். ட்யூன் செய்துவிட்டு கிட்டாரைப் பக்கவாட்டில் பாருங்கள். பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி வர வேண்டும். டிரில் பிட்டை நுழைத்துப் பாருங்கள்.

இடைவெளி கூடுதல் என்றால் கம்பிகள் ஜெயிக்கின்றன. கிளாவின் இரண்டு ஸ்குரூவையும் இறுக்குங்கள். இடைவெளி குறைவு என்றால் ஸ்பிரிங் ஜெயிக்கிறது, தளர்த்துங்கள். ஒவ்வொன்றும் அரைச் சுற்று, இரண்டும் ஒரே அளவு. பிறகு மறுபடி ட்யூன். பிறகு மறுபடி அளவு.

ஆறாவது கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் கொஞ்சம் முன்னே சாயும், உடனே மற்ற ஐந்தும் இறங்கும். அவற்றை ஏற்றினால் ஆறாவது இறங்கும். ஆரம்பத்தில் இது முடியாத வேலை போலத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், ஐந்தாறு சுற்றில் நிலைக்கு வந்துவிடும். நடுவில் கிளாவைத் தொடாமல் ட்யூனிங்கை முழுதாக முடித்த பிறகே அளக்க வேண்டும். கிளாவை முழுக்க இறுக்கியும் பிரிட்ஜ் இறங்கவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் சேருங்கள்.

தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுவார்கள். மெழுகில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக, காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை நீளமாகத் தெரியாது.

மேடையில் அடிக்கடி வாசிப்பவர்களுக்கு என் யோசனை வேறு. பிரிட்ஜின் அடி உடலில் முழுதாகப் படியும் வரை கிளாவை இறுக்குங்கள். மூன்றாவது கம்பியை ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்தாலும் (விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றினாலும்) தகடு எழும்பாத அளவு போதும். பாரால் சுருதியை இறக்க மட்டும் முடியும், ஏற்ற முடியாது. ஆனால் ஒரு கம்பி அறுந்தாலும் மீதி ஐந்தும் சுருதியில் நிற்கும், பாட்டு நடக்கும்.

உயரமும் இன்டோனேஷனும்

சாடிலின் இரண்டு பொடி ஸ்குரூக்களால் கம்பியின் உயரத்தை மாற்றலாம். 17-ஆவது ஃப்ரெட்டில் அளங்கள்: முதல் கம்பிக்கு 1.6 மி.மீ., ஆறாவதற்கு 1.8 வரை. விரல் பழகாதவர்கள் இன்னும் இறக்க ஆசைப்படுவார்கள், ஃப்ரெட்டில் கம்பி உரசிக் கரகரக்கும். வேண்டாம்.

இன்டோனேஷனுக்கு, அதாவது கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக இருப்பதற்கு, 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) எழுப்பி, பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்து ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். முடிந்ததும் 3 மி.மீ. இடைவெளியை இன்னொரு தடவை பாருங்கள்.

இன்னும் சுருதி போகிறதா?

நட்டைச் சந்தேகப்படுங்கள். பாரை அழுத்தி விட்ட பிறகு கம்பி ஏறியே நிற்கிறது, பெண்ட் செய்து விட்டால் இறங்கியே நிற்கிறது என்றால், கம்பி நட்டின் வெட்டில் சிக்குகிறது. ட்யூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்தாலும் அதுதான். கம்பியை ஒதுக்கிவிட்டு வெட்டுக்குள் பென்சிலால் நன்றாகத் தேய்த்து விடுங்கள். தலைப்பகுதியில் கம்பியை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கொக்கியின் அடியிலும் அப்படியே. துருப்பிடித்த கம்பியும் இதே தொல்லை தரும். நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து, உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பின்மூடியை இன்றே மாட்டாதீர்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் ட்யூன் செய்து, பாரை நாலைந்து தடவை நன்றாக அழுத்தி விட்டு, மறுபடி ட்யூனரைப் பாருங்கள். ஆறும் நின்ற இடத்தில் நின்றால் மூடியை மாட்டிவிடலாம். ஏதாவது ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அந்தக் கம்பியின் நட் வெட்டை மறுபடி பாருங்கள்.