கேசட்டில் இருக்கும் வானொலிக் கலந்துரையாடல்களைக் கணினிக்கு மாற்றும் முறை

வட்டாரப் பிரச்சினைகளைப் பற்றி வானொலியில் நடந்த பழைய கலந்துரையாடல்கள் பலவற்றின் மூல நாடாவை நிலையங்களே அழித்து, அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டன. வீட்டில் யாரோ பதிந்து வைத்த கேசட்தான் அவற்றுக்கு மிச்சம். அதை ஒருமுறை ஒழுங்காக மாற்றிவிட்டால் போதும்.

தேவையானவை: லைன் அவுட் (ஒலி வெளியேறும் துளை) உள்ள நல்ல கேசட் டெக், லைன் இன் (அந்த ஒலியை வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி ஒலி இடைமுகம், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். வாக்மேன் வடிவில் மலிவாக வரும் யூஎஸ்பி கேசட் மாற்றிகளை வாங்காதீர்கள், அவற்றின் மோட்டார் வேகம் நிலையாக நிற்பதில்லை. மடிக்கணினியின் ஒற்றைத் துளையிலும் செருக வேண்டாம். அது மைக்குக்கானது, லைன் ஒலி அங்கே பிளந்து கேட்கும்.

முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது, மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

அடுத்தது அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம். பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன, ஆனால் பேச்சு புரிவதும் புரியாமல் போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஹெட்டில் உள்ள நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவு செய்த கருவியில் அது கொஞ்சம் சாய்ந்திருந்தால், நேராக இருக்கும் உங்கள் டெக்கில் மேல்சுரங்கள் மங்கிவிடும். 'ச', 'ஸ' ஒலிகள் தேய்ந்து, ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் பிடிபடாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

ஹெட்டின் இருபுறமும் உள்ள திருகுகளில், அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் அசிமத் திருகு. மற்றதைத் தொடாதீர்கள். அசிமத் திருகு இருந்த நிலையை முதலில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டெக்கில் உள்ள டால்பி இரைச்சல் குறைப்பை அணைத்து, இரு சேனலையும் மோனோவாகக் கலந்து ஹெட்போனில் கேட்டபடி, காந்தமில்லாத சிறு திருப்புளியால் மெல்லத் திருப்புங்கள். மிஞ்சினால் கால் சுற்று போதும். பேச்சும் நாடாவின் இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகும் இடம்தான் சரியான இடம். கேசட் மாறினால் மறுபடி பாருங்கள். சில கேசட்டுகளில் 'ஏ' பக்கத்துக்கும் 'பி' பக்கத்துக்குமே நிலை மாறும்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம், கைதட்டலோ இருமலோ வந்தாலும் இடமிருக்கும். விண்டோஸில் ஒலி மேம்பாடு என்ற அமைப்பை அணையுங்கள். அது இரைச்சலை நீக்குகிறேன் என்று பேச்சின் வால்களை வெட்டிவிடும். 90 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், அதை விரைவுபடுத்த முடியாது.

சேமிக்கும்போது, எந்தச் சுத்திகரிப்பும் செய்யாத மூலப் பிரதியை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வையுங்கள். மோனோ வேவ் கோப்பாக வைத்தால் மணிக்குச் சுமார் 518 மெகாபைட் ஆகும், ஃபிளாக் அதைவிடக் கணிசமாகக் குறைவு. கேட்பதற்கு 64 கிலோபிட் எம்பி3 தாராளம். அறிவிப்பாளரின் தொடக்கத்தையும் இடையில் வரும் நேர அறிவிப்பையும் வெட்டாதீர்கள். தேதி தெரியாத கேசட்டுக்கு அவைதான் சாட்சி.

பிறகு அட்டவணை. இது இல்லாத ஒலிக்கோப்பில் யாரும் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஓடும்போதே கன்ட்ரோல்-எம் அழுத்தினால் ஆடாசிட்டியில் குறி விழும். பேசுபவர் மாறும் இடம், ஊர், அணை, பள்ளி, வழக்கு என்று பெயர் வரும் இடம் எல்லாவற்றையும் குறித்து, உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பேசியவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். வட்டார வழக்கைத் திருத்தினால் பின்னால் தேடுபவருக்கு அகப்படாது. கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள், நிலையம், தலைப்பு என்ற வரிசையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: குரல் கீச்சென்று வேகமாகக் கேட்டால், பதிவின்போது பேட்டரி இறங்கி நாடா மெதுவாக ஓடியிருக்கும். பின்னணியில் மின்சார ரீங்காரம் இருந்தால் அதை அலைமாலையில், அதாவது ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், அளந்து பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அது 52 என்று காட்டினால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியால் கேட்கும் பிரதியில் மட்டும் அதைச் சரிசெய்யுங்கள்.